தண்ணீர்மலை ஏறுகிறவருக்கு இரண்டே லேப்பில் மூச்சு வாங்குவது ஏன்?

பினாங்கில் எங்கள் கொண்டோ அடுக்குமாடியில் ஓர் அக்கா இருக்கிறார். வயது நாற்பத்தெட்டு. தைப்பூசத்துக்குத் தைப்பூசம் பால்குடம் எடுத்துத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் ஏறிவிடுவார். நடுவில் அவர் நின்றால் அது குடம் தளும்புகிறதா என்று பார்க்கத்தான். அதே அக்கா ஒரு காலையில் எங்கள் குளத்தில் 25 மீட்டர் போய்த் திரும்பி வந்து, சுவரைப் பிடித்தபடி ஐந்து நிமிடம் பேச்சில்லாமல் நின்றார்.

"என்னக்கா ஆச்சு?"

"தெரியலப்பா. மூச்சே பத்தல. எனக்கு ஸ்டாமினா இல்ல போல, தம்பி."

ஸ்டாமினா இல்லை என்று எனக்கும் ஒருவர் சொன்னதுண்டு. நீச்சல் கற்ற புதிதில் ஒரு பயிற்றுநர், "போய் ஓடிட்டு வாங்க, தானா வரும்" என்றார். மூன்று மாதம் தாவரவியல் பூங்காவைச் சுற்றி ஓடினேன். ஓட்டம் நன்றாக வந்தது. குளத்தில் இறங்கினால் பழைய இரண்டு லேப்தான். ஓடியது உடம்புக்கு நல்லதே, ஆனால் என் கேள்விக்கு விடை அங்கே இல்லை. அந்த விடையைத் தெரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆனது. இப்போதுதான் நீந்தத் தொடங்கியவர்களுக்கு அந்தக் காலம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். (லேப் என்று நான் சொல்வது குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, ஒரு வழி.)

தாங்குதிறனை ஒரு குடும்பத்தின் வரவு செலவாக நினைத்துக்கொள்ளுங்கள். மூச்சு வரவு. கைகால் அசைவு செலவு. தரையில் வரவுக்குக் கட்டுப்பாடே கிடையாது. படியேறும்போது மூச்சு வாங்கினால் வாயைத் திறந்து வேண்டிய மட்டும் இழுத்துக்கொள்ளலாம். தண்ணீரில் முகம் வெளியே வரும் அந்த ஒரு கணத்தில் கிடைப்பதுதான் வரவு. செலவோ பல மடங்கு. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. நெட்டித் தள்ளினால்தான் வழிவிடும். சம்பளம் பாதியாகி வாடகை இரட்டிப்பான வீடு போலத்தான். அக்காவின் இதயத்திலும் நுரையீரலிலும் குறையொன்றும் இல்லை, வரவு செலவுதான் இடித்தது.

வரவை முதலில் பார்ப்போம். சிக்கலில் பாதிக்கு மேல் இங்கேதான் தீரும்.

முகம் தண்ணீருக்குள் போனதும் மூச்சை அடக்கிக்கொள்வது நம் இயல்பு. அப்படி அடக்கியவர், முகத்தைத் திருப்பும் அரை விநாடிக்குள் பழைய காற்றையும் வெளியே விட வேண்டும், புதுக் காற்றையும் இழுக்க வேண்டும். இரண்டுக்கும் நேரம் எங்கே இருக்கிறது? கொஞ்சம் போகும், கொஞ்சம் வரும். நாலைந்து தடவை இப்படியே போனால் கரியமில வாயு உடம்பில் தேங்கிவிடும். மூச்சு முட்டும் உணர்வைக் கிளப்புவது பெரும்பாலும் அதுதான். காற்று பத்தவில்லை என்று நமக்குத் தோன்றும், உண்மையில் பழைய காற்றுதான் போகாமல் கிடக்கும். அதனால்தான் சுவரில் நின்று இழுத்து இழுத்து மூச்சு வாங்குவதைவிட, வாயைக் குவித்து நீளமாக ஊதி வெளியே விட்டால் சீக்கிரம் ஆசுவாசம் கிடைக்கிறது.

இதற்கு நான் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி ஒன்றுதான். மார்பளவுத் தண்ணீரில் சுவரைப் பிடித்து நின்று, முகத்தை உள்ளே வைத்து, "ம்ம்ம்" என்று சீராக முனகுங்கள். முனகும்போது மூக்கு வழியே குமிழிகள் தாமாக வரும். முனகல் நின்றால் மூச்சு அடைபட்டுவிட்டது என்று பொருள்; உங்கள் காதே கண்காணிப்பாளர். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பும்போது வாயைத் திறந்தால் போதும், காற்று தானே உள்ளே வரும். அக்கா இதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். முனகலுக்குப் பதில் "முருகா"வின் "மு"வை நீட்டிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் எனக்குப் பக்கத்துத் தடத்தில் அந்த ஒலி தண்ணீருக்குள்ளேயே கேட்டது.

எத்தனை கைவீச்சுக்கு ஒரு மூச்சு என்று பலரும் கேட்பார்கள். மூன்றுக்கு ஒன்று அழகு, இரண்டு பக்கமும் பழகும் என்பார்கள். என் கருத்தில், தொடக்கக்காரர் இரண்டு வீச்சுக்கு ஒரு மூச்சு எடுப்பதே சரி. வரவு குறைவான வீட்டில் வருமானத்தை மேலும் குறைப்பானேன்? போகும்போது வலப்பக்கம், வரும்போது இடப்பக்கம் என்று மாற்றிக்கொண்டால் கழுத்தும் ஒரு பக்கமாகப் பிடித்துக்கொள்ளாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மூச்சை அடக்கிப் பழகினால் தாங்குதிறன் வளரும் என்று எண்ணி, வேகவேகமாகப் பத்து மூச்சு இழுத்துவிட்டு நீருக்கடியில் நீந்திப் பார்க்கிறவர்கள் உண்டு. பையன்கள் இதைப் பந்தயமாகவே செய்கிறார்கள். வேகமாக இழுத்து விடும்போது கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சு முட்டும் எச்சரிக்கையே வராது. எந்த அறிகுறியும் இல்லாமல் தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி உயிரிழந்திருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள்.

இனி செலவுக்கு வருவோம். பெரிய செலவாளி கால். தொடைத் தசை உடம்பிலேயே பெரியவற்றில் ஒன்று. அதைப் படபடவென்று அடித்தால் ஆக்சிஜனைக் குடித்துத் தீர்த்துவிடும், அதற்கு ஈடாக நம்மை அதிகம் முன்னே தள்ளாது. நெடுந்தூரம் நீந்துகிறவர்கள் பலர் வலக்கைக்கு ஓர் உதை, இடக்கைக்கு ஓர் உதை என்று நிறுத்திக்கொள்வதன் காரணம் இதுதான். உங்களுக்குக் கால்தான் பிரச்சினையா என்று அறிய எளிய வழி உண்டு. தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொள்ளும் நுரைமிதவையை, புல் பாய் (pull buoy) என்பார்கள், வைத்துக்கொண்டு இரண்டு லேப் போய்ப் பாருங்கள். திடீரென்று சுலபமாகிவிட்டதென்றால் இதுவரை காசு போன ஓட்டை தெரிந்துவிட்டது. தலையை நிமிர்த்தி முன்னே பார்ப்பது அடுத்த ஓட்டை. தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் தாழும், ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு போவது போல ஆகிவிடும். பார்வை குளத்தின் தரையில் இருக்கட்டும்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு வேகம். ஒருநாள் அக்காவிடம் கேட்டேன்.

"மலையில எப்படிக்கா ஏறுவீங்க?"

"ஒரே சீரா. ஆரம்பத்துல ஓடுற பசங்க பாதியில உட்கார்ந்திருப்பாங்க, பாத்திருக்கியே."

"தண்ணியில?"

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "தண்ணியில மெதுவா போனா முங்கிடுவேனோன்னு பயமா இருக்குப்பா."

இதை மனம் திறந்து சொல்லும் தைரியம் எல்லோருக்கும் வராது. பெரியவர்களான பிறகு நீச்சல் கற்றவர்களில் எத்தனையோ பேர் வேகமாக நீந்துவது இந்தப் பயத்தால்தான். சைக்கிள் போலத் தண்ணீரிலும் நின்றால் விழுந்துவிடுவோம் என்று உடம்பு நம்புகிறது. இந்தப் பயம் தெளியாமல் எந்த அட்டவணையும் பலிக்காது. தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்ப ஏறும், அதைத் தள்ளத் தேவையான ஆற்றல் மும்மடிக்கு (கனத்துக்கு) ஏற்ப ஏறும். கணக்குப்படி, வேகத்தை 10 விழுக்காடு கூட்டினால் ஆற்றல் செலவு ஏறத்தாழ 33 விழுக்காடு கூடுகிறது. திருப்பிப் பார்த்தால் இது நல்ல செய்தி: வேகத்தைச் சிறிதே குறைத்தாலும் மூச்சு மளமளவென்று மிஞ்சும்.

எனவே இரண்டு வாரம் அக்காவும் நானும் தூரத்தையே மறந்தோம். மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு முகம் குப்புற மிதப்பது. சுவரை உதைத்துவிட்டுக் கை நீட்டி, எதுவும் செய்யாமல், வேகம் தானாக அடங்கும் வரை வழுக்கிப் போவது. நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலோர் மிதப்பார்கள். இதைச் சொல்லிப் புரிய வைக்க முடியாது, முதுகு தண்ணீருக்கு மேலே தெரியும் அந்தக் கணத்தில் உடம்பே தெரிந்துகொள்ளும். பிறகு ஒவ்வொரு கைவீச்சுக்கும் நடுவே அந்த வழுக்கலைக் கொஞ்சம் சேர்த்தோம். ஒரு லேப்புக்கு 31 கைவீச்சு போட்டுக்கொண்டிருந்தவர் 24-க்கு வந்தார். அப்போதுதான் அவருக்குத் தண்ணீரில் "மெதுவா" என்ற சொல்லுக்கு அர்த்தம் கிடைத்தது.

அதற்குப் பிறகு நோட்டு வாங்கினோம். திங்கள், புதன், சனி காலை ஆறரை மணி. முதல் வாரம் 8 லேப் மட்டும். ஒவ்வொரு லேப்பும் முடிந்து சுவரில் நிதானமாகப் பத்து மூச்சு. மொத்தம் 200 மீட்டர். குறைவாகத் தெரியும், ஆனால் எட்டாவது லேப் முதல் லேப்பின் அதே நேரத்தில் முடிய வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டு மூன்று விநாடிக்கு மேல் பிந்தினால் முதல் லேப்பை ஓடியிருக்கிறீர்கள் என்று பொருள். மூன்றாம் வாரம் 12 லேப், அடுத்த வாரம் அதே 12 லேப், சுவரில் ஆறு மூச்சு. ஐந்தாம் வாரம் இரண்டிரண்டு லேப்பாகச் சேர்த்து 50 மீட்டர் ஆறு தடவை. ஏழாம் வாரம் படிக்கட்டு: 100, 75, 50, 25, பிறகு மறுபடி அதே, மொத்தம் 500 மீட்டர். படிக்கட்டு இறங்க இறங்கத் தூரம் குறைவதால் களைத்த மனத்துக்குப் பெரிய ஆறுதல். தூரத்தைக் கூட்டும் வாரத்தில் ஓய்வைக் குறைக்க மாட்டோம், ஓய்வைக் குறைக்கும் வாரத்தில் தூரத்தைக் கூட்ட மாட்டோம்.

ஓய்வெடுத்து நீந்துவது ஏமாற்று வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். ஒலிம்பிக் நீச்சல்காரர்களும் பயிற்சியின் பெரும்பகுதியை இப்படித்தான் துண்டு துண்டாகச் செய்கிறார்கள். ஒரே மூச்சாக 300 மீட்டர் தடுமாறி நீந்தினால் கடைசி 200 மீட்டர் தடுமாற்றத்தைத்தான் உடம்பு பழகும். நடுநடுவே நின்று பன்னிரண்டு லேப்பையும் ஒழுங்காக நீந்தினால் ஒழுங்கைப் பழகும்.

இந்த வாரங்களில் உள்ளே என்ன நடக்கிறது? முதல் ஓரிரு வாரங்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கொஞ்சம் கூடும், இதயம் ஒரு துடிப்புக்கு அனுப்பும் இரத்தத்தின் அளவு உயரும். அடுத்தடுத்த வாரங்களில் வேலை செய்யும் தசைகளுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகும். ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்டிரியாக்களும் பெருகும். வேலை செய்யும் தசைகளுக்குள் என்பதைக் கவனியுங்கள். ஓடினால் அவை காலில் பெருகும். நீந்துவதற்கு வேண்டியது தோளிலும் முதுகிலும் கையிலும். என் மூன்று மாத ஓட்டம் குளத்தில் ஏன் செல்லுபடியாகவில்லை என்பது இதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

ஒன்பதாம் வாரம் தீபாவளி. பலகாரம், விருந்தாளிகள், இரண்டு வாரம் குளப்பக்கமே வரவில்லை. திரும்பி வந்தவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கப் பார்த்தார், முடியவில்லை, முகம் வாடிவிட்டது. இரண்டு வாரம் விட்டால் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், ஆனால் புதிதாகக் கட்டியதைவிட வேகமாகத் திரும்பக் கட்டலாம். நோட்டில் இரண்டு பக்கம் பின்னால் போய் அங்கிருந்து தொடங்கச் சொன்னேன். பத்து நாளில் பழைய இடத்துக்கு வந்துவிட்டார்.

மன உற்சாகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீச்சலை விட்டுவிடுகிறவர்களில் பலர் உடம்பால் விடுவதில்லை. நீந்தத் தொடங்கும் முதல் பத்து நிமிடம் யாருக்கும் இனிக்காது. கைகால் வேலையைத் தொடங்கிய வேகத்துக்கு இதயமும் மூச்சும் ஈடுகொடுக்கச் சில நிமிடம் பிடிக்கும், அதுவரை கடன்தான். அந்தக் கடன் நேரத்தில்தான் "இன்னைக்கு உடம்பு சரியில்ல, போதும்" என்று மனம் சொல்லும். அது உடம்பின் தீர்ப்பு என்று நம்பி நான் எத்தனையோ நாள் ஏறிவிட்டிருக்கிறேன். இப்போது எனக்கொரு ஒப்பந்தம் உண்டு: முதல் பத்து நிமிடம் வேண்டுமென்றே மிக மெதுவாக நீந்துவேன், அது முடியும் வரை எந்த முடிவும் எடுக்க மாட்டேன். பத்து நிமிடத்துக்குப் பிறகும் ஏறத் தோன்றினால் ஏறிவிடலாம். ஏறிய நாட்கள் மிகச் சில.

சலிப்பு இன்னொன்று. குளத்தில் பார்க்க என்ன இருக்கிறது, ஓடும் கோடும் ஓடும் தரையும்தானே. அக்காவின் மகள் இதற்கு ஒரு வழி கண்டாள். பினாங்குப் பாலத்தில் கடலுக்கு மேலே இருக்கும் பகுதி 8.4 கிலோமீட்டர். 25 மீட்டர் குளத்தில் அது 336 லேப். ஒரு பெரிய தாளில் 336 கட்டம் போட்டு, தீவு முனையில் கெலுகோர், பெருநிலத்து முனையில் பிறை என்று ஊர்ப் பெயர்களை எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டாள். குளத்திலிருந்து வந்ததும் அம்மா கட்டங்களுக்கு வண்ணம் அடிக்க வேண்டும். எட்டாம் வாரம் முடிவில் அக்கா பிறையில் கரையேறினார். அடுத்து பத்து மாவுங்கிலிருந்து இரண்டாம் பாலம், கடல்மேல் 16.9 கிலோமீட்டர், 676 லேப். புதிய தாள் ஒட்டியாயிற்று. இப்படிக் கணக்கு வைக்கும்போது நின்று நின்று நீந்திய லேப்பும் சேரும், மோசமான நாளில் நீந்திய நாலு லேப்பும் சேரும். அதுதான் எனக்கு இதில் பிடித்தது.

பெரிய தூரம் நீந்தியவர்களை நினைத்துக்கொள்வதும் உதவும். 2003-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்து, அதைச் செய்த முதல் மலேசியரானார் அப்துல் மாலிக் மைடின். 1994-இல் பன்னிரண்டு வயதில் பாக் நீரிணையைக் கடந்தார் தமிழ்நாட்டின் குற்றாலீஸ்வரன். அக்காவுக்கு அந்தப் பையன் கதையை அவ்வளவு பிடித்துப்போய், நோட்டின் முதல் பக்கத்தில் பெயரை எழுதி வைத்திருக்கிறார்.

400 மீட்டர் நிற்காமல் வந்துவிட்டதா? அப்போது உங்கள் நீடித்த வேகத்தைக் கணக்கிடலாம். ஒருநாள் 400 மீட்டரை முடிந்த அளவு சீராக, முழு முயற்சியுடன் நீந்தி நேரம் பாருங்கள். நன்றாக ஓய்வெடுத்து 200 மீட்டர் அதேபோல. அக்காவுக்கு 400 மீட்டர் 11 நிமிடம் 20 விநாடி, 200 மீட்டர் 5 நிமிடம் 20 விநாடி. வித்தியாசம் 6 நிமிடம், அது 200 மீட்டருக்கு. ஆகவே 100 மீட்டருக்கு 3 நிமிடம், ஒரு லேப்புக்கு 45 விநாடி. வெகுநேரம் தாக்குப்பிடிக்கும் வேகத்தின் எல்லை ஏறத்தாழ அங்கே இருக்கிறது. நெடுந்தூர நாளில் அதைவிட லேப்புக்கு இரண்டு மூன்று விநாடி மெதுவாகப் போங்கள்.

நம் ஊருக்கென்று சில சங்கதிகள். கொண்டோக் குளம் 25 மீட்டர் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள், ஒரு கயிற்றால் அளந்துவிடுங்கள். 20 மீட்டர் என்றால் 1000 மீட்டருக்கு 50 லேப். பாயான் பாருவின் ஸ்பைஸ் போன்ற 50 மீட்டர் குளத்துக்கு முதல் தடவை போகும்போது திணறும், நடுவில் பிடிக்கச் சுவர் இல்லாததால். போட்டிக் குளங்களின் தண்ணீர் 25 முதல் 28 டிகிரி வரைதான்; வெயில் காயும் நம் குளங்கள் அதைவிட வெதுவெதுப்பாகிவிடும். தண்ணீருக்குள்ளும் வேர்க்கும், தெரியாது. கரையில் ஒரு புட்டி தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். மாலை நீச்சலென்றால் வானத்தைப் பாருங்கள், இடி கேட்டால் உடனே ஏறிவிட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் இறங்கக் கூடாது. பருத்திச் சட்டையோடு நீந்தினால் நனைந்து கனக்கும். உடலை மூட விரும்பும் பெண்களுக்கு நைலான் முழுக்கை நீச்சலுடை இருக்கிறது, அக்கா அணிவது அதுதான். கெண்டைக்கால் பிடித்தால் சுவருக்கு வந்து பாதத்தை முழங்காலை நோக்கி மடக்கிப் பிடியுங்கள். தோளில் குத்துவது போல் வலித்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் பயிற்சியைப் பற்றி யோசிக்காமல் மருத்துவரிடம் போங்கள். இதய நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பதினெட்டாம் வாரம், ஒரு சனிக்கிழமை, அக்கா 1000 மீட்டருக்கு இறங்கினார். நான் கரையில் உட்கார்ந்து எண்ணுகிறேன் என்றேன். வேண்டாம் தம்பி, நானே எண்ணிக்கிறேன் என்றார். முதல் பத்து லேப் மிக மெதுவாக. பன்னிரண்டுக்குப் பிறகு கைவீச்சு ஒரே அளவாகிவிட்டது. திரும்பும் இடத்தில் சுவரைத் தொடுவதும் தள்ளுவதும் தவிர வேறு சத்தமில்லை. முப்பதுக்குப் பக்கத்தில் மகள் பள்ளிப் பையோடு வந்து கரையில் நின்றாள், அக்கா பார்க்கவில்லை. முடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"முப்பத்தொண்ணுல எண்ணிக்கை தப்பிப்போச்சுப்பா. அதான் சந்தேகத்துக்கு இன்னும் ரெண்டு போட்டேன்."

நான் எண்ணியதில் நாற்பத்திரண்டு.